பள்ளத்தில் தூங்கிய ஆடுகள்

செப்டம்பர் 5

மழை இல்லை. ஆனாலும் ஆறு ஏறியிருக்கிறது. வீட்டருகே அருவி சாம்பல் கரைத்ததுபோல் விழுகிறது. தம்பி ஓர்முரிடம் சொன்னேன். "பனிமலை உருகுது, வேறென்ன?" என்றான். இந்தக் குளிரிலா?

அவனுக்கு இப்போது வேறு நினைவே இல்லை. இந்த ஆண்டு அவன்தான் மலையரசன். கோடை முழுதும் மலையில் மேய்ந்த ஆடுகளை இறக்கிக் கொண்டுவரும் நாளில் ஊரே அவன் சொல்லைத்தான் கேட்க வேண்டும். அறுபது தாண்டிக் கிடைத்த பட்டம். பக்கத்துப் பண்ணை டாக்னி அதற்குள் ஆரம்பித்துவிட்டாள்: "ராஜா, காலுல சாணி. துடைச்சுக்கிட்டு அரசாளுங்க."

செப்டம்பர் 8

அருவி பார்க்க வந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிய முட்டை வாடையாம். ஓர்முர் சிரித்தான். "நாங்க குளிக்கிறதே இந்த வாடையிலதாம்மா!"

உண்மைதான். ஐஸ்லாந்தில் பூமிக்கடியிலிருந்தே சூடாக வருகிற நீர். பிறந்த குழந்தைக்கும் அந்த வாடைதான் முதல் வாடை. எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. பள்ளியில் பிள்ளைகளிடம் சொல்வேன்: புது மரப்பெட்டியின் வாசனை வாங்கியவனுக்கு ஒரு வாரம், விருந்தாளிக்கு எப்போதும்.

செப்டம்பர் 10

நாளை மலை. காக்கைகள் எங்கே போயின?

செப்டம்பர் 11

தூங்குமுன் எழுதிவிடுகிறேன்.

மந்தையை இறக்கிவிட்டோம். மிச்சம் அருவிக்குக் கீழே உள்ள பள்ளம் மட்டும். புல் நன்றாக இருக்கும், சில ஆடுகள் அங்கேயே தங்கிவிடும். மலையரசன் தனியாக இறங்கி அவற்றை ஓட்டி வருவது வழக்கம். விளிம்பில் நின்று பார்த்தோம். காலை மடக்கி, தலையைப் புல்லில் வைத்துப் படுத்திருந்தன. சாரல் அவற்றின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. ஓர்முர் விசிலடித்தான். ஒரு காதுகூட அசையவில்லை.

"தின்னுட்டுத் தூங்குதுங்க, சோம்பேறிங்க." குதிரையிலிருந்து இறங்கினான். நாய் அவனோடு போகவில்லை. உட்கார்ந்துவிட்டது.

எனக்குக் கண் எரிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினேன் — அம்மாவின் வெள்ளி மோதிரம் கறுத்திருந்தது. எங்கள் ஊர்க் கந்தக வெந்நீர் பட்டால் வெள்ளி கறுக்கும். பாத்திரம் கழுவும்போது கழற்றி வைப்பேன். காலையில் பளபளவென்று இருந்ததே! புறப்பட்டதிலிருந்து தண்ணீரையே தொடவில்லை. அப்படியானால் — காற்று.

பனிமலைக்கு அடியில் எரிமலை விழித்தால் ஆற்றோடு நச்சுக்காற்றும் வரும். கனமானது. கிண்ணத்தின் அடியில் பாகு தங்குவதுபோலப் பள்ளத்தில் தங்கும். நானே நடத்திய பாடம். ஆடுகள் தூங்கவில்லை.

"இறங்காதேடா, அங்க விஷக்காத்து!"

"மலையில ராஜாவை யாரும் எதிர்த்துப் பேசக் கூடாதுக்கா. உனக்கே தெரியும்." சொல்லிக்கொண்டே இறங்குகிறான். நான் என்ன செய்வேன்? இந்த ஊர்ப் பள்ளியில் அவனுக்கும் நான்தானே டீச்சர்.

"ஓர்முர் பெர்க்சன்! உக்காரு!"

உட்கார்ந்துவிட்டான். ஈரப் பாறையில், அத்தனை பேர் முன்னால். என் பின்னால், என்னிடமே படித்த டாக்னியும் உட்கார்ந்துவிட்டாள். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும். அவன் முகம் சிவந்துபோயிற்று. மேலே ஏறி வந்தான், குதிரையில் ஏறினான், என்னைப் பார்க்காமல் போய்விட்டான்.

அத்தனை சிரிப்புக்கும் கீழே பள்ளத்தில் ஓர் ஆடும் எழவில்லை.

செப்டம்பர் 12

விடியும்போது ஆறு உடைத்துக்கொண்டு வந்தது. கறுப்பு நீர், வீடளவு பெரிய பனிக்கட்டிகள். பாலம் போயிற்று. பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை. எங்கள் வீடு மேட்டில் இருப்பதால் தப்பியது. ஓர்முர் சன்னலில் நின்று பார்த்தான்.

செப்டம்பர் 13

ஓர்முர் சூப்பை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டான்.

செப்டம்பர் 15

பட்டியில் ஆடு பிரித்தார்கள். யாருடைய ஆடு என்று காதில் வெட்டிய அடையாளத்தைப் பார்த்துப் பார்த்து இழுத்துப் போனார்கள். ஒருவன் கத்தினான்: "ராஜா எங்கப்பா? டீச்சர் இன்னும் உக்கார வச்சிருக்காங்களா?"

டாக்னி திரும்பினாள். "அன்னிக்கு உக்காந்ததாலதான்டா இன்னிக்கு நிக்கிறாரு. வாயை மூடு."

ஓர்முருக்குக் கேட்டது. கையிலிருந்த ஆட்டின் காதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 18

காலையில் எழுந்தபோது காது செவிடாகிவிட்டது என்றே நினைத்தேன். அருவி இல்லை. வெள்ளம் மேலே வேறு வழி அறுத்துக்கொண்டு, ஆற்றையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கறுப்புப் பாறைத்தூண்கள் மட்டும் வரிசையாக நின்று காய்கின்றன, யாரோ வருவார்கள் என்பதுபோல்.

பிறந்ததிலிருந்து கேட்ட இரைச்சல். இந்தக் கடிகாரம் இவ்வளவு சத்தம் போடுமா? சுவர் மரங்கள் முனகுகின்றன. உள்ளே யாரோ நடப்பதுபோலிருக்கிறது. விளக்குமாறோடு நின்றுவிடுகிறேன்.

செப்டம்பர் 21

பக்கத்து அறையில் ஓர்முர் மூச்சு விடுவது கேட்கிறது. இத்தனை வருடத்தில் இந்தச் சுவர் வழியே அதை நான் கேட்டதில்லை. உருளைக்கிழங்கை நறுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். வருகிறது. போகிறது. மறுபடி வருகிறது.

பிறகு, எப்போதும்போல் தொண்டை கிழியக் கூப்பிட்டேன்: "சூப் ஆறுது, வா!"

வந்தான். எனக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தான். பாதியை என் பக்கம் தள்ளினான்.

"மெதுவா பேசுக்கா," என்றான். "இப்ப எல்லாம் கேக்குது."