கமர்கட்டுக்கு ஒரு பெயர்

4-7-91, வியாழன்
பேய்க்காற்று. ஸ்டவ் அணைந்து அணைந்து போகிறது. கமர்கட்டு, இரண்டாம் நாள். வெல்லம், தேங்காய்த் துருவல், ஏலக்காய். அம்மா நோட்டில் எழுதி வைத்தபடியேதான். பாகு சரி, உருண்டை சரி. ருசி மட்டும் அம்மாவுடையது இல்லை. அம்மா போய் ஒரு வருடம். யாரிடம் கேட்பது? இதை நம்பி பனியன் கம்பெனி வேலையை வேறு விட்டாயிற்று.

நல்லூர் கடைக்காரர் ஒன்றை வாயில் போட்டார். "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா போன வருசம் உங்கம்மா குடுத்தனுப்புனதுன்னு ஒண்ணு தந்தீங்களே, அது வேறீங்க. அதைக் கொண்டாங்க, தெனமும் எடுத்துக்கறேன்."

6-7, சனி
சுக்கு போட்டேன். மிளகும். வீட்டுக்காரர் துப்பிவிட்டு, "கசாயமா?"
வாங்க: வெல்லம், தீப்பெட்டி, தலைவலி மாத்திரை.
லேபிள் அடிக்கவேண்டும். அம்மா பெயர்தான்.

7-7, ஞாயிறு
காங்கேயம், அக்கா வீடு. விஷயத்தைச் சொன்னேன். அவள் தேங்காய் துருவினாள். வெறும் சட்டியில் சிவக்க வறுத்தாள். பாகில் ஒரு சிட்டிகை உப்பு. நோட்டில் இரண்டுமே இல்லை. வாயில் போட்டேன். அதே ருசி.

"அம்மா இதை எழுதவே இல்லியேக்கா?"

"அம்மாளுக்குத் தெரியாது கண்ணு. வாதத்துல கை விழுந்த பொறகு அடுப்புகிட்ட வந்ததே இல்ல. மாசாமாசம் உனக்கு டப்பா அனுப்புனது நாந்தான்."

"ஏன் சொல்லல?"

"அம்மா செஞ்சதுன்னு நீ அழுதுட்டே தின்னியாமா. உங்க ஊட்டுக்காரரு சொன்னாரு. அப்பறம் எப்படிச் சொல்றது?"

பஸ்ஸில் ஒன்றும் ஓடவில்லை. கோபமா? யார் மேல்?

8-7, திங்கள்
அலசின துணியையே திரும்ப அலசினேன். அவரிடம் சொன்னால், "ருசி கெடச்சிருச்சல்ல? அப்பறமென்ன?"


10-7, புதன்
சாரல். அக்கா தூக்குப்போசி நிறையச் செய்து எடுத்து வந்தாள். கடைக்காரர், "இதேதானுங்க!" நாளை முதல் தினமும் வேண்டுமாம்.

அங்கிருந்து நேரே அச்சகம். லேபிளுக்கு என்ன பெயர் என்றார் அச்சகக்காரர். நான் அக்கா பெயரைச் சொல்ல, அக்கா அதே நேரம் அம்மா பெயரைச் சொல்ல, அவர் பேனாவை வைத்துவிட்டார். "பேசி முடிவு பண்ணிக்குங்க அம்மிணி."

"அம்மா பேரே இருக்கட்டும் கண்ணு. என் பேரைப் பாத்து யாரு வாங்குவா?"

நான் மறுபடியும் அக்கா பெயரையே சொன்னேன். எழுதிக்கொண்டார். அம்மாவுக்குத் துரோகமோ? எது சரி, இப்போதும் தெரியவில்லை.

அக்கா எட்டிப் பார்த்தாள். பேனாவை வாங்கி நடுவில் ஓர் எழுத்தை அடித்தாள்.

"ருக்குமணி இல்லீங்க. ருக்மணி."