புற்றுமண்ணைத் தின்னாதே, முஜிங்கா

அன்பு மகள் முஜிங்காவுக்கு அம்மா எழுதுவது. கொல்வேசியில் நாங்கள் சுகம். லுசாகாவில் நீயும் மாப்பிள்ளையும், வயிற்றில் இருக்கிற என் குட்டிப் புருஷனும் சுகமாயிருக்க வேண்டும். உன் அப்பாவின் பான்சா என்ற பெயரைத் தாங்கி வரப்போகிறவனை நான் வேறெப்படிக் கூப்பிடுவேன்? அப்பாவுக்கு இப்போதே பொறாமை.

மசக்கைக்கு நம் வீட்டுப் புற்றுமண்தான் வேண்டும் என்று கேட்டாயே, நானும் தணலில் சுட்டு லாரி டிரைவர் மோங்காவிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினேனே, அதைத் தின்னாதே. போனில் சொன்னதற்கு, நீயும் என்னைச் சுமந்தப்ப தின்னவதானேம்மா என்று சிரித்தாய். தின்றேன்தான். அப்போது அந்தப் புற்றின் பக்கத்தில் அப்பா சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த கோபால்ட் கல்லை உடைத்துக் காயப்போடவில்லை. பொட்டலம் போன பிறகு பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்த நர்ஸ் மோனிக் நம் வாசலைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தக் கல்லோட ஈயம், ஆர்சனிக், யுரேனியம்னு கொஞ்சம் கொஞ்சமா ஒட்டிக்கிட்டு வருதும்மா, புத்து மேல தூசியா படிஞ்சிருக்கு, சுட்டாலும் போகாது, வயித்துப் பிள்ளைக்கு ஆகவே ஆகாது என்றாள். பெற்றவளே விஷத்தைப் பொட்டலம் கட்டிவிட்டேனே என்று அழுதேன்.

உன் அப்பா லேசில் கேட்பாரா? இந்தத் தூசியிலதான் நான் புரள்றேன், எனக்கென்ன ஆச்சு என்று மார் தட்டினார், தட்டின வேகத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. நாளைக்குப் பேரன் இங்கதானே தவழுவான், உங்க சட்டைத் தூசியும் அவன் வாய்க்குத்தான் போகும் பான்சா அப்பா என்றாள் மோனிக். திருடனுக்குப் பயந்து கட்டிலடியில் வைத்திருந்த கல் மூட்டைகளை மறுநாளே மனிதர் வெளியேற்றிவிட்டார். இப்போது குளித்து உடுப்பு மாற்றிப் புது மாப்பிள்ளை மாதிரிதான் வீட்டுக்குள் வருகிறார். புற்றையும் தண்ணீர் ஊற்றி நனைத்து, சுரங்கக் கடப்பாரையாலேயே இடித்து, கல் தோண்டிக் கைவிட்ட பழைய குழியில் தள்ளி மூடினார். தின்ன மண் எடுக்க வந்த நம் தெருப் பெண்கள் திட்ட, இவர் திருப்பித் திட்ட, ஒரே அமர்க்களம். விஷயம் தெரிந்ததும் அவர்களே மோனிக்கைத் தேடிப் போயிருக்கிறார்கள். நீ பிரசவத்துக்கு வரும் அறையை நான் ஈரத்துணியால் தினமும் துடைக்கிறேன்.

ஒரு வாய் தின்றிருந்தாலும் பயப்படாதே, ஆஸ்பத்திரியில் சொல்லி இரத்தம் பார்த்துக்கொள். நன்றாகச் சாப்பிட்டால் மண் ஆசை அடங்கும் என்கிறாள் மோனிக். சந்தையில் வாங்கிய வேர்க்கடலையும் பொடிமீன் கருவாடும் மோங்காவிடம் இதோடு அனுப்புகிறேன்.

கடவுள் உங்கள் மூவரையும் காப்பார். மண் பொட்டலத்தைத் தெருவில் வீசிவிடாதே, வேறொரு பிள்ளைத்தாச்சி எடுத்துவிடுவாள். மோங்காவிடமே திருப்பிக் கொடு, அப்பா அந்தக் குழியிலேயே புதைத்துவிடுவார். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் உன்னை அடித்தவள் நான். அந்த அம்மாதான் சொல்கிறேன், நான் கொடுத்ததைத் தின்னாதே.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
முஜிங்காவின் அம்மா