நடுவில் ஆளில்லை

பிப்ரவரி 3

கல்யாணம் முடிந்து எங்கள் பாப்பா மாப்பிள்ளையோடு கிளம்பிப் போய் ஒரு வாரம். தரையில் ஒரு முடி கிடக்கவில்லை. சீப்பு வைத்த இடத்திலேயே இருக்கிறது. பார்க்கவே நன்றாக இல்லை.

மகாராணி, அதாவது என் மனைவி (காதில் விழுந்தால் கரண்டி பறக்கும்), என்னைச் சாப்பிடக் கூப்பிடுவது இத்தனை வருஷமாக ஒரே விதம்தான். “உங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லுடி.” நானும், “வந்துட்டேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு.” பாப்பா பேச ஆரம்பித்த நாளிலிருந்து எங்களுக்கு அவள்தான் தபால்காரி. சண்டையெல்லாம் இல்லை. அப்படியே பழகிவிட்டது.

இன்று தட்டை ‘ணங்’ என்று வைத்தாள். சாப்பாடு தயார் என்று அர்த்தமாம்.

பிப்ரவரி 5

கடையில் ஒரு ஃபேன் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன். பாப்பாவின் ஃபோன். “அப்பா, மத்தியானம் சாப்பிட வருவீங்களான்னு அம்மா கேக்கறாங்க.” வீடு அடுத்த தெரு! செய்தி எங்கே சுற்றிக்கொண்டு வருகிறது பார். “என்ன சமையல்னு உங்கம்மாகிட்ட கேட்டுச் சொல்லு, யோசிக்கறேன்” என்றேன். சிரித்தாள். அவள் சிரிப்பு வீட்டில் கேட்டால் ஒரு மாதிரி, ஃபோனில் கேட்டால் வேறு மாதிரி.

பிப்ரவரி 9

வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தேன். கதவு தடதடவென்று. “எவ்வளவு நேரம்டி உள்ள? ஆபீசுக்குப் போக வேண்டாமா?” பழக்கதோஷம், பாவம், பாப்பா போனதை மறந்துவிட்டாள். எனக்கா குறும்பு அடங்கும்? பாப்பா மாதிரியே குரலை ஒல்லியாக்கி, “தோ வந்துட்டேம்மா, கத்தாதீங்க!” என்றேன்.

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால், கதவோரம் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். முந்தானையில் முகம். ஒரு நிமிஷம் நம்பிட்டா போலிருக்கு. நெசமாவே உள்ள இருக்கான்னு நம்பிட்டா.

நான்லாம் என்ன மனுஷன்?

பிப்ரவரி 10

தட்டு ‘ணங்’ என்றுகூட இல்லை. மெதுவாக வைத்துவிட்டுப் போகிறாள்.

பிப்ரவரி 12

பாப்பாவைக் கூப்பிட்டேன். “விளையாட்டுக்குத்தான் பண்ணேன்னு உங்கம்மாகிட்ட சொல்லும்மா.”

“முடியாதுப்பா. நானே இங்க புது வீட்ல தட்டுத் தடுமாறிட்டிருக்கேன். நீங்களே சொல்லுங்க.”

“எப்படிச் சொல்றது?”

“வாயாலதான்.” ஃபோனை வைத்துவிட்டாள். என் பெண்தான், சந்தேகமில்லை.

சமையலறை வாசல் வரைக்கும் போவதும், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதுமாக இருந்தேன். வயிறு முழுக்கத் தண்ணீர்.

பிப்ரவரி 15

மகாராணி இப்போது பாப்பா அறையில்தான் படுக்கிறாள். அந்த ஃபேன் ‘கிறீச் கிறீச்’ என்று கத்தும். சரிபண்ணச் சொல்லிப் பாப்பா கெஞ்சாத நாளில்லை. ஊரார் ஃபேனையெல்லாம் சரிபண்ணுகிறவன் வீட்டு ஃபேனுக்கு மட்டும் நாளைக்கு, நாளைக்கு. இன்று அவள் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து, தேய்ந்துபோன பேரிங்கை மாற்றி, பழையதைக் கடைக் குப்பையில் போட்டுவிட்டேன். பூனை நடக்கிற மாதிரி ஓடுகிறது. வாயால் வராததைக் கையால் சொல்லியாயிற்று.

பிப்ரவரி 16

காலையில் கடை வாசலில் வந்து நிற்கிறாள். கடைப் பக்கமே வராதவள். கண் சிவந்திருந்தது.

“ஏங்க, அந்தச் சத்தம் எங்க போச்சு?”

என்னிடம்தான் கேட்கிறாள்! பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

“அது கேட்டாத்தான் அவ உள்ள தூங்கறான்னு எனக்குத் தூக்கம் வரும். பழையபடி பண்ணிக் குடுங்க.”

‘கெடுத்துத் தரதுன்னா கூலி ஜாஸ்தி’ என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

“அன்னிக்கு நான் பண்ணது தப்பு.”

ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன், உட்கார்ந்தாள். குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பழைய பேரிங்கைத் தேடினேன். கொஞ்ச நேரம் பார்த்தவள், தானும் குனிந்து தேட ஆரம்பித்தாள். அவள் கையில்தான் கிடைத்தது.

பிப்ரவரி 22

மகாராணி எங்கள் அறைக்கே திரும்பிவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம், யாரும் இல்லாத அறையில், ஃபேன் ‘கிறீச் கிறீச்’. கரண்ட் வீண்தான். நான் நிறுத்தப் போவதில்லை.

இப்போது பாப்பா ஃபோனில் இருக்கிறாள். அப்பா சாப்பிட்டாச்சா என்று கேட்டிருப்பாள் போல. இவள், “தெரியலடி. இரு, நானே கேட்டுக்கறேன்” என்கிறாள்.

“ஏங்க! சாப்பிட வரீங்களா, இல்ல அந்த நோட்டோடயே குடும்பம் நடத்தப் போறீங்களா?”

போகிறேன்.