தொட்டியில் எழுந்த நுரை

திங்கள்
காலையிலேயே வெயில். எரியோட்டிலிருந்து நின்றபடியே பஸ் பயணம்.
கல்லூரி ஆய்வகத்தில் இரண்டாவது வாரம். என் வேலை: கண்ணாடிச் சாமான் கழுவுவது, தரை துடைப்பது. ஆராய்ச்சி செய்வது பர்வீன் அக்கா. கேனில் வரும் கடல் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, அடியில் காற்று விடுவார். குமிழி உடைந்து தெறிக்கும் துளி ஒரு தாளில் படியும். அதில் உப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பார்ப்பார். கணினியில் அவர் போட்ட கணக்கோடு அது ஒத்துப்போக வேண்டும்.
இன்றும் தண்ணீர் மேல் அழுக்கு நுரை. பருப்பு கொதிக்கையில் அம்மா எடுப்பது மாதிரி அள்ளி வெளியே ஊற்றிவிட்டேன். யாரும் சொல்லாமலே செய்தது. கொஞ்சம் பெருமை.

புதன்
சோப்புத்தூள் தீர்ந்தது. சொல்ல வேண்டும்.
ப. அக்கா போனில் தன் பேராசிரியரிடம்: "தாள்ல வெறும் உப்புதான் சார். என் கணக்குதான் தப்பு போல." மதியம் அவர் சாப்பிடவில்லை.

வியாழன்
தூறல். கல்லூரிப் பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். என் வயதுதான். நான் அலமாரிக்குப் பின்னால். காலையில் அள்ளியது போக, மறுபடி லேசாக நுரை.
"என்னக்கா, ரசம் பொங்குற மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி.
"சிரிக்காத பிள்ள. அந்த நுரையிலதான் எல்லாமே. பாசி விடுற கொழுப்பு, சர்க்கரை மேல வந்து நிக்கும். குமிழி அதையும் தூக்கிட்டுக் காத்துல போகும். மேகம் கட்டுறதுக்கே அது வேணும்."
காது வரை சூடு. பத்தாவதோடு நின்றதற்குக்கூட இவ்வளவு கூசியதில்லை.

வெள்ளி
புதுக் கேன் தண்ணீர். நுரையைத் தொடவில்லை.
சாயங்காலம் ப. அக்கா: "இன்னைக்கு அம்புட்டுக் கொழுப்பும் தாள்ல வந்துருச்சு. தாள நீ கழுவுன தட்டுலதான் வச்சேன். உன் கைராசி."
சமோசா கொடுத்தார். தின்றேன். சீ.

சனி
ப. அக்கா கணக்கையே மாற்றிக்கொண்டிருந்தார். பழைய கேன் தண்ணீரில் கொழுப்பே இல்லை என்று எழுதப் போகிறாராம். "அந்தப் பக்கத்துக் கடலே அப்படியோ என்னவோ."
கடலை நான் பார்த்ததே இல்லை. அதன் மேல் பழி.
தரையைப் பார்த்தபடி, "கடல் இல்லக்கா. நான்தான் தெனமும் நுரைய அள்ளி ஊத்துனேன்."
தட்டச்சுச் சத்தம் நின்றது.
"எத வச்சு அள்ளுன?"
"என் டிபன் கரண்டி."
"சோறு திங்கிற கரண்டியா?"
"கழுவிட்டுத்தான்க்கா அள்ளுனேன்."