அன்று விழாத படங்கள்

அண்ணி,

உங்கள் பீரோவை ஒழிக்கும்போது ஃபிலிம் ரோல் வரும் கறுப்பு டப்பா ஒன்று கிடைத்தது. ஊக்குகள் போட்டு வைத்திருந்தீர்கள். மூடியைத் திறந்ததும் ரோலின் வாசனை வந்தது. இத்தனை வருடம் கழித்து வர வாய்ப்பில்லை. எனக்குத்தான் அப்படி இருந்திருக்கும்.

கல்யாணமாகி இரண்டே மாதத்தில் அண்ணன் மஸ்கட் போய்விட்டார். குழந்தை பிறந்து பத்து மாதமாகியும் அவர் பார்த்ததில்லை. ஆள் மூலம் அவர் கொடுத்தனுப்பிய கேமராவை, திருச்சியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த என்னிடம் தந்தீர்கள்.

"கல்யாண போட்டோல பூரா அழுத மூஞ்சி. சிரிச்சா நான் எப்படி இருப்பேன்னு அவருக்கே மறந்திருக்கும். நான் பாக்காதப்ப எடு. பாத்தா ஸ்டூடியோ மூஞ்சி வந்துரும்."

நன்னிலத்துக்குப் பக்கத்தில் நம் வயல். அறுவடை முடிந்த நெல்லின் அடித்தாளில் யாரோ வாத்து மந்தையை மேயவிட்டிருந்தார்கள். உங்கள் இடுப்பிலிருந்த குழந்தை வாத்துகளைப் பார்த்து, அவற்றைப் போலவே கத்தினாள். நீங்கள் வரப்பிலேயே உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, பல் அத்தனையும் தெரியச் சிரித்தீர்கள். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். முப்பத்தாறு படம் எடுக்கும் ரோல்; கேமராவில் எண் அதையும் தாண்டி முப்பத்தொன்பது காட்டியது.

"மூணு இனாமா? உங்க அண்ணனைவிட கேமரா தாராளந்தான், நாத்தனாரே!"

திருவாரூரில் ரோலைக் கழுவியவர் சொன்னார்: "ஒண்ணுமே விழலைம்மா. நுனி சரியா மாட்டல. ரோல் சுத்தவே இல்ல."

மாட்டியது நான். அதை ஒப்புக்கொள்ள, படித்தவளுக்கு வாய் வரவில்லை. படங்களை நேராக அண்ணனுக்கே அனுப்பிவிட்டதாகச் சொன்னேன்.

"ஒண்ணக்கூட எனக்குக் காட்டாமயா?" என்று கோபித்தீர்கள். உடனே, "போவட்டும், அவரு பாத்தா சரி" என்றீர்கள்.

அண்ணனின் கடிதங்கள் வந்தன. வெயில், ஓவர்டைம், குழந்தைக்குத் தடுப்பூசி. படங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. மூன்றாவது கடிதத்தை மடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டீர்கள்: "பல்லு ரொம்ப எடுப்பாத் தெரிஞ்சிருக்குமோ?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "எனக்குத் தெரியல அண்ணி" என்றேன்.

அதன்பிறகு சிரிப்பு வந்தால் கையும் வாய்க்கு வந்துவிடும் உங்களுக்கு. அண்ணன் திரும்பி வந்தபின்னும் நீங்கள் அவரிடம் கேட்கவில்லை. கேட்டுவிடுவீர்களோ என்று பயந்தேன். கேட்டுவிட மாட்டீர்களா என்றும் காத்திருந்தேன்.

நேற்று, மாலை போட ஒரு படம் தேடி அண்ணன் ஆல்பங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். மகளின் கல்யாணம், வளைகாப்பு, பேரனின் முதல் பிறந்தநாள். நீங்கள் சிரிக்கும் எல்லாவற்றிலும் கை.

"இவ ஏன் எப்பவும் வாயப் பொத்திக்கிறா? நான் கட்டிக்கிட்டு வந்தப்ப இப்படி இல்லியேம்மா. உனக்கு ஏதும் தெரியுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து, தலையைத் தடவிக் கொடுத்தார்.

அழகான பல்வரிசை, அண்ணி, உங்களுக்கு. பொய்யை ஒப்புக்கொள்ளாமலேகூட இந்த ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அந்தச் சிரிப்பு இப்போது என்னிடம் மட்டும் இருக்கிறது. அவருக்குப் போய்ச் சேர வேண்டியது. நாளைக்குச் சொல்லிவிடுவேன் என்று இங்கே எழுத வருகிறது. அதை நானே நம்பவில்லை.