பதினொன்றாம் எண், எம் சைஸ்

ஜூலை 8, செவ்வாய்

காலையில் பேய்மழை. மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாம் மேம்பாலத்துக்குக் கீழே ஒண்டி நின்றார்கள். நான்தான் வீம்பாக ஓட்டிவந்து தெப்பலாக நனைந்தேன். கடைக்கார மலாய் அக்கா காக் யாத்தி துண்டு கொடுத்தார். கடையில் அவரும் நானும் மட்டும். எழுத்து வெட்டுவது அவர். சட்டையில் வைத்து மெஷினில் அழுத்துவது நான்.

இன்றைய ஆர்டர்: பள்ளி ஓட்டப்போட்டிச் சட்டை 60. பூப்பந்துக் குழு 12. தவமணி அண்ணனின் காற்பந்துக் குழு 22, பெயரும் எண்ணும். எப்போதும் ஜொகூர் பாருக் கடையில் போடுபவர். அவசரமாம், இந்தத் தடவை இங்கே மாசாயிலேயே.

பட்டியல் சரிபார்த்தேன். 7 குமார். 9 ஸ்டீவன். 10 லோகா. 11 அருள், எம் சைஸ்.

மாசாயில் அருளுக்கா பஞ்சம் என்று தாண்டிப் போனேன். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: பழைய ஸ்டேட் பிளேயர், பேரைப் பெரிசாப் போடவும்.

என் வீட்டுக்காரர்.

வயது முப்பத்தெட்டு. இடது முட்டியில் இரண்டு ஆபரேஷன். வலது தொடையில் கிழிந்து ஒட்டிய தசை. ஆறு வருஷமாகப் பந்தைத் தொடவில்லை. இன்னொரு தடவை முட்டி போனால் ஃபோர்க்லிஃப்ட் பெடலை மிதிக்க முடியாது, வேலை போய்விடும் என்று டாக்டர் சொன்னது எனக்கு மனப்பாடம். அவருக்கும்தான்.

காக் யாத்தி எட்டிப் பார்த்து, "எய், லாக்கி காவ் கா நி?" என்றார். உன் புருஷனா என்று. "புக்கான் லா" என்று சொல்லிவிட்டேன். ஏன் இல்லை என்றேன், தெரியவில்லை.

அதிலும் எம் சைஸாம். எம் போட்டது எங்கள் கல்யாணத்தன்று.

ஜூலை 9, புதன்

வெயில். வாங்க: வெங்காயம், மஞ்சள்தூள், சவர்க்காரம், மெத்தைக்கு மூட்டைப்பூச்சி மருந்து.

காலையில் அருள் வேலைக்குப் போகும்போது, "ஓ.டி. இருக்கு பிலோ, லேட்டாவும்." நேற்றும் ஓ.டி. போன வாரம் மூன்று ஓ.டி.

எட்டு மணிக்கு வந்தார். காலுறை நிறையப் புல். அவர் வேலை செய்யும் பாசிர் கூடாங் கிடங்கில் புல் முளைக்கிறது போலிருக்கிறது. கேட்கவில்லை. அவரே சொல்லட்டும். சோறு போட்டேன். தொடையைத் தடவிக்கொண்டே சாப்பிட்டார். ரசம் நன்றாக இருக்கிறது என்றார். ரசம் நன்றாக இல்லை, உப்பே போடவில்லை.

ஜூலை 11, வெள்ளி

புகைமூட்டம், கண் எரிச்சல். தவமணி அண்ணன் மாதிரிச் சட்டை பார்க்கக் கடைக்கு வந்தார். ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் இருந்து அப்படியே, கையெல்லாம் கிரீஸ். சட்டையைத் தொடவிடவில்லை.

என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். "அட, தங்கச்சி! நீ இங்கயா வேலை செய்ற? ரொம்ப தேங்க்ஸ்மா. வீட்ல ஓகே சொல்லிட்டாங்கன்னு அருள் சொன்னாரு, எனக்கு அப்பதான் உயிரே வந்துச்சு."

வீட்டில் ஓகே சொன்னார்களாம். எந்த வீட்டில்?

"ஆமாண்ணே" என்றேன். இது இரண்டாவது பொய்.

கேட்டும் பார்த்தேன். "அவரு காலு தெரியும்லண்ணே. வேற ஆளே கெடைக்கலயா?"

"பாதிப் பேரு சிங்கப்பூர் ஷிஃப்டு, பதினோரு பேரு தேறுறதே பாடு. ஆனா அதுக்காக இல்ல. ஓட வேணாம் தங்கச்சி. கடைசி கால்மணி நேரம் சும்மா நின்னா போதும். அவரு நிக்கிறாருன்னாலே பசங்களுக்கு ஒரு தெம்பு."

சும்மா நிற்பாராம். அருள் திடலில் சும்மா நின்று நான் பார்த்ததில்லை.

போகும்போது சொல்லிவைத்தேன்: "சட்டை இங்க போடறது அவருக்குத் தெரிய வேணாம்ணே. சர்ப்ரைஸா இருக்கட்டும்."

யாருக்குச் சர்ப்ரைஸ்.

ஜூலை 13, ஞாயிறு

மாதா கோயிலில் காலைப் பூசை. எல்லோரும் முழங்காலிடும்போது அருள் உட்கார்ந்திருப்பார், ஆறு வருஷப் பழக்கம். இன்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் பார்த்தார். இறங்க முடிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

வெளியே வந்து ரொட்டி சானாய். இப்போது சொல்வார், டீ வந்ததும் சொல்வார் என்று காத்திருந்தேன். டயர் மாற்ற வேண்டும் என்றார்.

எனக்கே எழுதிக்கொள்கிறேன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் உலு திராம் திடல். கோயில் இளையோர் குழுவோடு நாசி லெமாக் சோறு விற்கப் போயிருந்தேன். காற்பந்தைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. ஒருவன் பந்தோடு எங்கள் மேசையைப் பார்த்து நேராக ஓடிவந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ நல்ல செய்தி சொல்ல வருகிறவன் மாதிரி. என்னிடம்தான் சொல்ல வருகிறான் என்று நினைத்தேன். பத்தடிக்கு முன்னால் திரும்பிப் போய்விட்டான். நான் சோற்றுக்கு ஊற்றும் சம்பல் குழம்பைக் கையில் ஊற்றிக்கொண்டேன்.

அந்த முகத்தைத்தான் கட்டிக்கொண்டேன். ஆறு வருஷமாக அது வீட்டில் இல்லை. டிவியில் சத்தத்தைக் குறைத்துவைத்து ஆட்டம் பார்க்கிறவர் நல்லவர், குடிக்க மாட்டார், பாத்திரம் கழுவுவார். இருந்தாலும் அந்த ஆள் வேறு.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது, பந்தா நானா என்று கேட்டது நான்தான். நீதான் என்றார். அன்று அதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்காமல் எப்படி இருப்பது? இரண்டும் உண்மை.

ஏக்கமாக இருக்கிறது. பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறார், அவருக்காகவே ஏக்கமாக இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

மதியம் வரை மழை, பிறகு புழுக்கம். தவமணி அண்ணன் ஆர்டர் இன்று.

1 முதல் 10 வரை பத்து மணிக்குள் முடிந்தது. 11ஐ ஒதுக்கிவைத்தேன். 12 முதல் 22 வரை முடித்தேன். திரும்பவும் 11.

தவமணி அண்ணனுக்குப் போன் செய்து உள்ளதைச் சொல்லிவிடலாம். வீட்டில் யாரும் ஓகே சொல்லவில்லை, டாக்டர் இப்படிச் சொன்னார், விட்டுவிடுங்கள். ஒரு நிமிஷ வேலை. அருள் ஒன்றும் சண்டை போட மாட்டார். டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்.

நம்பரை எடுத்தேன். பார்த்தேன். போனைக் கவிழ்த்துவைத்தேன்.

எம் சட்டையைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு எக்ஸ்எல் எடுத்தேன். காக் யாத்தி வெட்டிய நான்கு இங்கிலீஷ் எழுத்து. ஏ எழுத்தின் வயிற்றில் இருக்கும் சின்ன முக்கோணத்தை ஊசியால் எடுத்தேன். 160 டிகிரி, 15 வினாடி. மற்றவர்களுக்கு மெஷினே மணி அடிக்கும். இதற்கு நானும் சேர்ந்து எண்ணினேன்.

ஆறியதும் தாளை உரித்தேன். கோணல் இல்லை.

காக் யாத்தி எழுந்து போய்ப் பாலில்லாத டீ, தே ஓ, வாங்கிக்கொடுத்தார்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி வெள்ளி. தெருவெல்லாம் கூழ் வாசம். பக்கத்து வீட்டு அக்கா ஒரு வாளி கொடுத்தார்.

தவமணி அண்ணன் குழுவில் ஒரு வழக்கம். முதல் ஆட்டத்துக்கு முன்னால் சட்டை எல்லாவற்றையும் முனீஸ்வரர் கோயிலில் வைத்துப் பூசை செய்து, பேர் கூப்பிட்டு ஒவ்வொருவருக்காகக் கொடுப்பார்கள். ஸ்டீவனும் போவான், குழுவில் இருக்கும் முஸ்லிம் பையன் வாசலில் நின்று வாங்குவான். அருளுக்கு இன்று "ஓ.டி."

ஏழரைக்கு வந்தார். நெற்றியில் மூன்று பட்டை திருநீறு, நடுவில் குங்குமம்.

"ஓ.டி. முடிஞ்சுதா?"

"ஆமா. இன்னைக்கு கன்டெய்னர் ஜாஸ்தி."

"நெத்தியில என்னங்க?"

கை போனது. விரலைப் பார்த்தார். "அலமாக்" என்றார். ஐயையோ என்று.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. பையில் இருந்து சட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"எம்னுதான் எழுதிக் குடுத்தேன், பிலோ."

"தெரியும்."

"அங்கயே போட்டுப் பாத்தேன். சரியா இருக்கு. எல்லாரும் கேட்டாங்க, எப்படி ஒங்களுக்கு மட்டும் சரியா வந்துச்சுன்னு." எழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "நீயா ஒட்டுன?"

"நான்தான்."

"அப்போ முன்னாடியே தெரியும். ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்."

நாற்காலியில் உட்கார்ந்தார். "சொன்னா நீ அழுவ. அழுதா நான் போமாட்டேன். போணும் போல இருந்துச்சு லா, பிலோ."

நான் அழவில்லை. பிறகு அழுதேன், குளியலறையில், தண்ணீரைத் திறந்துவிட்டு.

கூழ் இருவரும் குடித்தோம்.

ஜூலை 20, ஞாயிறு

வானம் மூடியிருந்தது, மழை இல்லை. ஆட்டம் ஐந்து மணிக்கு, மாசாய் திடல்.

எடுத்துப் போனது: ஐஸ் பெட்டி, முட்டி பேண்டேஜ் 2, தைலம், குடை, மடக்கு நாற்காலி, ஜெபமாலை.

யோசித்து இடம் பிடித்தேன். எதிர் அணியின் கோலுக்குப் பின்னால். நம் ஆட்கள் அந்தக் கோலைப் பார்த்துத்தான் ஓடிவருவார்கள். நேராக என்னைப் பார்த்து. முகம் நன்றாகத் தெரியும்.

முதல் பாதி முழுக்க அருள் வெளியே பெஞ்சில். இடைவேளை முடிந்து பார்த்தால் இரண்டு அணியும் பக்கம் மாறி நிற்கிறது. இத்தனை வருஷமாக ஆட்டக்காரன் பெண்டாட்டி, பாதியில் பக்கம் மாறும் என்பதை மறந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போக நாற்காலியை மடக்கினேன், அது மடங்கித் தொலையவில்லை. அப்படியே போட்டுவிட்டு ஓரமாக நடந்தேன். அதற்குள் கைதட்டல். கடைசி கால்மணி நேரம் என்றவர்கள் அப்போதே அருளை இறக்கிவிட்டார்கள். அங்கேயே நின்று பார்த்தேன்.

பத்து நிமிஷம் சொன்னது போல நின்றார். இரண்டு பந்து தட்டிக்கொடுத்தார். பிறகு லோகா இடது ஓரமாக நீளமாக ஒன்று போட்டான். அவர் ஓடினார்.

ஓடினார். நான் பாதி வழியில் நிற்கிறேன். அவர் என்னைவிட்டு அந்தக் கோடிக்கு ஓடுகிறார். முகம் தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது. நான் ஒட்டிய நான்கு எழுத்து, சின்னதாகிக்கொண்டே போயின.

கோல் இல்லை. பந்து வெளியே போய்விட்டது. ஆட்டம் 1-1.

முட்டி வீங்கியிருக்கிறது. ஐஸ் தீர்ந்து உறைந்த பட்டாணிப் பொட்டலம் கட்டியிருக்கிறேன். சோபாவில் உட்கார்ந்து தரையைப் பெடல் மாதிரி மிதித்துப் பார்த்தார். மூன்று தடவை. மிதிக்க முடிகிறது.

"நல்லா ஓடுனேனா?"

"ம்."

"அடுத்த ஞாயித்துக்கெழமை கூலாய்ல ஆட்டம்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ரெண்டாவது பாதியில எந்தப் பக்கம் ஓடுவீங்க?" என்று கேட்டேன்.