தண்ணி வண்டி ஓட்டிய அண்ணனுக்கு

என் உயிரான அந்தோணி அண்ணே,

நீ போன பிறகு எடமலைப்பட்டி புதூரில் அம்மாவுக்கு என்ன பெயர் தெரியுமா? தண்ணி வண்டிக்காரன் அம்மா. எல்லாம் உன் வேலை.

கடைசி லீவில் முக்கொம்பில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாயே: "டாங்கின்னு சொன்னா அம்மா தூங்காது பிலோ. தண்ணி வண்டி ஓட்டுறேன்னு சொல்லிவச்சிருக்கேன். பொய்யா? தண்ணியில போற வண்டிதானே!" நானும் சிரித்துத் தொலைத்தேன். ஆற்றில் மிதக்கிற டாங்கி என்றால் எனக்கே அப்போது நம்பிக்கை வரவில்லை. அம்மாவோ நீ சிப்பாய்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிறாய் என்று தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாள்.

சண்டை வந்தது. எல்லைக்கு டாங்கியோடு போன நீ திரும்பவில்லை.

இப்போது கல்லறைத் தோட்டத்தில் உன் நினைவாக ஒரு கல் வைக்கப் போகிறோம். அதில் பொறிக்க, 'ராணுவத் தண்ணீர் லாரி ஓட்டுநர்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் அப்பா. "விடும்மா, உங்கம்மா மனசு தாங்காது" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் லாரி ஓட்டுவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அது நீ இல்லையே அண்ணே!

உன்னோடு அதே டாங்கியில் இருந்த செல்வராஜ் அண்ணனை மணப்பாறைக்கே போய் அழைத்து வந்தேன். அம்மா எதிரில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொல்லச் சொன்னேன்.

"அது மிதக்கிற டாங்கிம்மா. ஆத்துல அருமையா போச்சு. அக்கரையில ஏறும்போது சேத்துல மாட்டிக்கிச்சு. நம்ம காவிரி மாதிரி மணல் இல்லீங்க அது, வெறும் களி. மேல குண்டு விழுது. அந்தோணி எங்களை இறங்கி ஓடச் சொல்லிட்டான். வழிய மறிச்சு நின்னா பின்னால வர்ற வண்டிங்க தண்ணியிலயே மாட்டிக்கும்னு, அவன் மட்டும் உள்ளயே இருந்தான். வண்டிய ஓரமா ஏத்தியும் விட்டான்மா. அப்புறந்தான் குண்டு விழுந்துச்சு."

அப்பா என்னை முறைத்தார். அம்மா அழவில்லை. செல்வராஜ் அண்ணன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த வண்டிக்குள்ள அவனுக்குக் குடிக்கத் தண்ணி இருந்துச்சா தம்பி?"

"இருந்துச்சும்மா" என்றார் அவர், சட்டென்று. நிஜமாகவே இருந்ததா அண்ணே? அவரிடம் தனியாகக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

"கல்லுல டாங்கின்னே போடச் சொல்லு" என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அங்க ஒரு சொம்பு தண்ணி வைக்கணும். என்னால அவ்வளவு தூரம் நடக்க முடியாதுடி."

நான் நடப்பேன். கல் கொத்துகிறவர் பக்கத்திலேயே நின்று, 'மிதக்கும் டாங்கி ஓட்டியவர்' என்று எழுத்துப் பிசகாமல் பொறிக்க வைப்பேன். சொம்பையும் நானே கொண்டுவருவேன், மழையானாலும் வெயிலானாலும். இனி உனக்குத் தண்ணி வண்டி நான்தான்.

உன்னோடு சேர்ந்து பொய் சொன்ன தங்கை,
பிலோமினா